நாத்தனார் முடிச்சு

உக்காரும்மா, தாராளமா உக்காரு. இந்தப் பையை மடியில வச்சுக்கறேன். உள்ள ஒண்ணும் பெரிசா இல்ல, ஒரு புடவைதான். அதைப் பத்தி அப்புறம் சொல்றேன். நீ எங்க இறங்கணும்? காரைக்காலா? நல்லதாப் போச்சு. நான் திருக்கடையூர்ல இறங்கிடுவேன். அதுக்கப்புறம் ஜன்னலோரம் உனக்குத்தான்.

எதுக்குப் போறேன்னு கேக்க மாட்டியா? இந்த வயசுல திருக்கடையூருக்கு எதுக்குப் போவாங்க. ஒண்ணு நமக்குக் கல்யாணம், இல்லன்னா நம்ம கூடப் பொறந்ததுக்குக் கல்யாணம். எனக்கு ஆகல. இவருக்கு அறுபது வந்தப்ப, "ஒரு தடவை கட்டினதே நம்ம ரெண்டு பேருக்கும் போதும் மங்க"ன்னு சொல்லிட்டாரு. இவருன்னா யாரு? முன்னாடி மூணாவது சீட்டுல ஒரு வழுக்கைத் தலை தெரியுது பாரு, அதுதான். லேடீஸ் சீட்டுல உக்காரக் கூடாதாம், அவ்வளவு சட்டம் தெரிஞ்ச மனுஷன்.

இன்னைக்குக் கல்யாணம் என் தம்பிக்கு. கலியமூர்த்தி. பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆயிட்டான், அறுபது முடிஞ்சுபோச்சு. பத்தரை மணிக்குத் தாலி. நான் அவனுக்கு ஒரே அக்கா. அப்படின்னா பொண்ணுக்கு நான்தான் நாத்தனார். மாப்பிள்ளை ஒரு முடிச்சு போடுவாரு, பின்னாடி நிக்கற நாத்தனார் ரெண்டு முடிச்சு போடணும். உனக்குத் தெரியாததா? உன் கழுத்துல யாரு போட்டது? யோசிக்கற பாரு. எல்லாருக்கும் அப்படித்தான். முன்னாடி நிக்கறவரைத்தான் ஞாபகம் இருக்கும். பின்னாடி நிக்கறவளுக்கு ஆல்பத்துல பாதிக் கைதான் விழும்.

நான் போடப் போறதில்ல. முடிவு பண்ணிட்டேன். இவர்கிட்டகூட இன்னும் சொல்லல, உன்கிட்டத்தான் முதல்ல சொல்றேன். நீ யாரோ, நான் யாரோ, அதனால சொல்லலாம்.

ஏன்னு கேளு. நாத்தனார் முடிச்சுக்குன்னு ஒரு புடவை உண்டு இல்லையா? வீட்டுக்கு வந்து, தட்டுல வச்சு, வெத்தலை பாக்கோட, "அண்ணி, நீங்க வந்து நிக்கணும்"னு சொல்லிக் குடுக்கணும். என் தம்பி பொண்டாட்டி உஷா என்ன பண்ணா? கூரியர்ல அனுப்பிட்டா. வாசல்ல ஹெல்மெட்டோட ஒருத்தன் வந்து, "மேடம், ஓடிபி சொல்லுங்க"ங்கறான். நாத்தனாருக்கு மரியாதை பண்ண ஓடிபி. பிரிச்சுப் பாத்தா சாஃப்ட் சில்க். பட்டுன்னு போன்ல சொன்னா, வந்தது சாஃப்ட் சில்க். கலரு இருக்கே, ஊறப் போட்டு மறந்துபோன வெந்தயம். இரு, கொஞ்சமா வெளிய எடுத்துக் காட்டறேன். பாத்தியா? நீயே முகத்தைச் சுளிக்கற. அதை நான் கட்ட மாட்டேன்னு அலமாரியில தூக்கிப் போட்டேன். இவரு என்னைக் கேக்காம அதுல இருந்த ஜாக்கெட் துணியை வெட்டி டெய்லர்கிட்டக் குடுத்துத் தச்சு வாங்கிட்டு வந்துட்டாரு. வேலையில்லாத மனுஷன். "எதுக்கும் இருக்கட்டும் மங்க"ன்னு பையிலயும் வச்சுட்டாரு. நான் என் சொந்தப் புடவையைத்தான் கட்டிக்கிட்டு வந்திருக்கேன், பாத்துக்கோ.

அதுகூடப் பொறுத்துக்குவேன். பத்திரிகையைப் பாத்ததும்தான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மேல பிள்ளையார் படம் போடுவாங்க, சாமி படம் போடுவாங்க. இவ எங்க சிங்காரம் மாமா, கோமளம் அத்தை போட்டோவைப் போட்டிருக்கா. கீழ 'எங்கள் இல்லறத்தின் வழிகாட்டிகள்'னு தங்க எழுத்து. சிங்காரம் மாமா எங்க அம்மாவோட தம்பி. அத்தை அவர் சம்சாரம். ரெண்டு பேரும் போய்ச் சேந்து அஞ்சு வருஷம் ஆச்சு. போனாலும் விட மாட்டேங்கறாங்க. எங்க குடும்பத்துல எந்தப் புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டாலும், "சிங்காரம் மாமாவையும் கோமளம் அத்தையையும் பாத்துக் கத்துக்கோங்க"ன்னுதான் சொல்லுவாங்க. எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல இருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

அப்படி என்ன அதிசயமா வாழ்ந்துட்டாங்கன்னு சொல்றேன், கேளு.

மாமா கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். காலையில ஏணியைச் சைக்கிள்ல கட்டிக்கிட்டுக் கிளம்பினா, எந்தத் தெருவுல எந்தக் கம்பத்துல இருப்பாருன்னு அவருக்கே தெரியாது. அத்தைக்குத் தெரியும். பன்னண்டரைக்கு டிபன் கேரியரோட அந்தக் கம்பத்தடிக்குப் போய் நின்னுடுவாங்க. குடையைப் புடிச்சுக்கிட்டு மேல பாத்துக்கிட்டே நிப்பாங்க. இவங்க பாக்கறதை நிறுத்திட்டா அவரு கீழ விழுந்துடுவாரு பாரு. எங்க ஊர்ல யாரும் கரண்டு ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேக்க மாட்டாங்க. கோமளம் கம்பத்தடியில நிக்குதான்னு பாப்பாங்க. நின்னா, இப்போதைக்குக் கரண்டு வராதுன்னு விசிறியை எடுத்துக்குவாங்க. அவரு இறங்கிக் கை கழுவி முதல் வாய் சாப்பிடற வரைக்கும் அந்தம்மா பல்லுல பச்சைத் தண்ணி படாது. மாமா மட்டும் என்ன லேசுப்பட்டவரா? ஒரு தடவை அத்தை தொண்டையில கெண்டை முள்ளு மாட்டிக்கிச்சாம். அதுல இருந்து ஐம்பது வருஷமா அவங்க தட்டுல மீனை இவருதான் முள்ளெடுத்து வைப்பாரு. விருந்து வீட்டுல நாலு பேரு பாக்கறாங்களேன்னு கொஞ்சமாவது இருக்க வேண்டாமா? மாமாவுக்குச் சர்க்கரைன்னு டாக்டர் சொன்னாரு. மறுநாள்ல இருந்து அத்தையும் காப்பியில சர்க்கரை போடறதில்ல. டாக்டரு அந்தம்மாவுக்கா சொன்னாரு?

என்னங்க? என்ன திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? தண்ணியா? வேண்டாம், வேண்டாம். நீங்க குடிங்க. பாத்தியாம்மா, மயிலாடுதுறை ஸ்டாண்டுல இருந்து இது மூணாவது தடவை. பாட்டிலைத் தூக்கித் தூக்கிக் காட்டறாரு. எனக்குத் தாகமா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?

எங்க விட்டேன்? ஆங், இதையெல்லாம் விடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. ஆடிப்பெருக்கு அன்னைக்குப் பொம்பளைங்க காவேரிக்குப் போய்ப் பழைய தாலிக்கயிறை மாத்திக்குவோம் இல்ல? பெரிய சுமங்கலி யாராவது புதுக்கயிறைக் கட்டிவிடுவாங்க. ஆம்பளைங்களுக்கு அந்தப் படித்துறையில என்ன வேலை? மாமா வருவாரு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அத்தனை பொம்பளைங்களுக்கு நடுவுல, தானே பொண்டாட்டிக்குக் கயிறு கட்டுவாரு. அதையும் சாதாரணமாக் கட்ட மாட்டாரு. முன்னாடி நின்னு ஒரு முடிச்சு. அப்புறம் தண்ணிக்குள்ளயே சுத்திக்கிட்டுப் பின்னாடி போய் நின்னு ரெண்டு முடிச்சு. ஏன் இந்தச் சர்க்கஸ்னு எங்களுக்குப் புரியாது. சின்னப் பொண்ணுங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம். நான் நேராவே கேட்டிருக்கேன், "ஏன் மாமா, அத்தை கழுத்து என்ன கரண்டு கம்பமா, சுத்திச் சுத்தி வரீங்க?"ன்னு. அவரு சிரிச்சுக்குவாரு. எங்க அம்மா மட்டும் சிரிக்க மாட்டாங்க. அந்த நேரம் பாத்து வேற பக்கம் திரும்பி ஆத்துத் தண்ணியப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. பாவம், கூடப் பொறந்தவன் இப்படிப் பொண்டாட்டி பின்னாடி சுத்தறானேன்னு அவங்களுக்கு வெக்கம்.

எங்க அம்மாவைப் பத்தி உனக்குத் தெரியாது. தையல்நாயகின்னு பேரு. தம்பி மேல உசிரு. மாமாவுக்குக் குழந்தை இல்ல. அத்தைக்கு ரெண்டு தடவை நின்னு கலைஞ்சுபோச்சு, அப்புறம் நிக்கவே இல்ல. அதுக்கு அத்தை அழுதாங்களோ இல்லையோ, எங்க அம்மா அழுதாங்க. வருஷா வருஷம் திருக்கருகாவூருக்குப் போய் அத்தை பேர்ல அம்மன் சன்னதிப் படியை நெய்யால மெழுகிட்டு வருவாங்க. எந்தக் கோயில் மரத்தைப் பாத்தாலும் முந்தானையைக் கிழிச்சுத் தொட்டில் கட்டிடுவாங்க. தம்பி பொண்டாட்டிக்காக எந்த நாத்தனார் இப்படிப் பண்ணுவா, சொல்லு? அவ்வளவு நல்ல மனசு. எளிமைன்னா எளிமை. பட்டுப் புடவையே கட்ட மாட்டாங்க. என் கல்யாணத்துக்குக்கூட நூல் புடவைதான். சம்பந்தி வீட்டுல கேலி பண்ணாங்க, நான் அழுதேன், அம்மா கேக்கவே இல்ல. "பட்டு எனக்கு ஒத்துக்காதுடி"ன்னு முடிச்சுட்டாங்க.

இது என்ன ஊரு, செம்பனார்கோயிலா? நேரமிருக்கு. சொல்லிடறேன்.

மாமாவுக்கு எண்பது வயசு வந்துச்சு. எண்பதாம் கல்யாணம் பண்ணணும்னு பிடிவாதம் புடிச்சது எங்க அம்மாதான். மாமாவுக்கு அறுபது வந்தப்ப எங்க அப்பா படுத்த படுக்கை, எழுபது வந்தப்ப அப்பா போன துக்கம், ரெண்டும் நடக்கல. "இதை விட்டா எனக்கு நாள் இல்லடி மங்க. நான் கண்ணை மூடறதுக்குள்ள நடக்கணும்"னு அம்மா தினம் ஒரு பாட்டு. அம்மாவுக்கு அப்ப எண்பத்திரண்டு. மாமா அத்தைக்கு யாரு இருக்கா, பிள்ளையா குட்டியா? நானும் கலியமூர்த்தியும்தான் எடுத்துச் செஞ்சோம். திருக்கடையூர்லதான். மண்டபம் புடிச்சு, மேளம் பேசி, எல்லாம் நான்.

அப்ப நாத்தனார் முடிச்சு யாரு போடறதுன்னு பேச்சு வந்துச்சு. எங்க அப்பா இல்ல. விதவை தாலியைத் தொடலாமா? நானா சம்பிரதாயத்தை உண்டாக்கினேன்? நாத்தனார் இல்லாத இடத்துல நாத்தனார் மக போடலாம்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் சரின்னாங்க. அதுக்குன்னு நான் கும்பகோணம் போய் அரக்குல பச்சைக் கரை போட்ட பட்டு எடுத்தேன். நிஜப் பட்டு, தெரிஞ்சுக்கோ. அம்மாகிட்டயும் பக்குவமாத்தான் சொன்னேன், "நீ எல்லாம் முடிஞ்சப்புறம் மேடைக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணும்மா, அதுவரைக்கும் அப்படி உக்காந்துக்கோ"ன்னு. மண்டபத்துல பாத்திரம் கழுவற கட்டு வாசல் பக்கம் சுவரோரமா ஒரு நாற்காலியில உக்கார வச்சேன். ஃபேன் காத்து வர இடமாப் பாத்துத்தான் வச்சேன்.

ஹோமம் முடிஞ்சுது. கலசத் தண்ணியெல்லாம் ஊத்தியாச்சு. ரெண்டும் நனைஞ்ச கோழி மாதிரி வந்து உக்காந்துதுங்க. ஐயர் தாலியை எடுத்து மாமா கையில குடுத்துட்டு, "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னாரு. மேளம் பிச்சுக்கிட்டுப் போகுது. எல்லாரும் அரிசியைத் தூவறாங்க. நான் அத்தைக்குப் பின்னாடி ரெண்டு கையையும் ரெடியா நீட்டிக்கிட்டு நிக்கறேன், வீடியோக்காரன் லைட்டை என் மேலதான் அடிக்கிறான். மாமா தாலியை அத்தை கழுத்துக்கிட்டக் கொண்டுபோனாரு. அப்படியே நிறுத்திட்டாரு.

கட்டுவாரு கட்டுவாருன்னு பாக்கறோம். கட்டல. அரிசி தீர்ந்துபோச்சு. ஐயர் "கட்டுங்கோ, கட்டுங்கோ"ங்கறாரு. நாயனக்காரருக்குக் கண்ணு பிதுங்குது, நிறுத்தவும் முடியாது பாரு. நான் குனிஞ்சு, "என்ன மாமா, கை நடுங்குதா?"ன்னேன். "அக்கா வரட்டும்"னாரு.

"அம்மா வரக் கூடாது மாமா, நான்தான் நிக்கறேனே"ன்னேன்.

"நீ நில்லு மங்க, உன்னை யாரு வேணாம்னா? அக்கா வரட்டும்."

இருநூறு பேரு. வீடியோ ஓடுது. நான் அரக்குப் பட்டுல நிக்கறேன். எப்படி இருக்கும் எனக்கு? எண்பது வயசுல இவருக்கு என்ன அடம்? அதுக்குள்ள யாரோ போய் அம்மாவைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. அம்மா மேடைக்கிட்ட வந்து நின்னு, "டேய் சிங்காரம், நான் தொடக் கூடாதுடா. நல்ல காரியத்தைக் கெடுக்காத, கட்டு"ன்னாங்க. மாமா தாலியைத் தூக்கிப் புடிச்ச கையை இறக்கவே இல்ல. "நீ பின்னாடி நிக்காம நான் கட்ட மாட்டேன் அக்கா. அன்னைக்கும் நீதானே நின்ன?"ன்னாரு.

அவ்வளவுதான். அம்மா அப்படியே உடைஞ்சுட்டாங்க. மேடையில ஏறி என் கையைப் புடிச்சுக்கிட்டு அத்தைக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? மேளச் சத்தத்துல எங்க நாலு பேருக்குத்தான் கேட்டுச்சு.

"நின்னேன்டா. நின்னேன், ஆனா போடல. இவளை இடுப்புல வச்சுக்கிட்டுக் கட்டற மாதிரிக் கையை வச்சுட்டுச் சும்மா எடுத்துட்டேன். பட்டு எடுக்கறேன்னு சொல்லிட்டு எனக்குப் பட்டு மாதிரி இருக்கற சின்னாளப்பட்டி எடுத்துட்டாங்கன்னு கோவம். ஒத்த முடிச்சோட விட்டுட்டேன்டா உன் பொண்டாட்டியை. அதனாலதான் உங்களுக்கு ஒண்ணும் தங்காம போச்சு."

இடுப்புல இருந்தது யாரு? நான். ஆறு மாசக் குழந்தை. நான்கூட நினைச்சேன், கையில குழந்தையை வச்சுக்கிட்டு எப்படி ரெண்டு முடிச்சு போட முடியும், அது ஒரு தப்பான்னு. நான் அழுதிருப்பேன், வீல்னு கத்தியிருப்பேன். அம்மா மேல என்ன தப்பு?

அத்தை திரும்பிக்கூடப் பாக்கல. தலையைக் குனிஞ்சபடியே, "தெரியும் அண்ணி. என் கழுத்துதானே, எனக்குத் தெரியாதா?"ன்னாங்க.

மாமா சொல்றாரு, "இவ அன்னைக்கு சாயங்காலமே சொல்லிட்டா அக்கா. உன்கிட்டக் கேட்டா நீ கூசிப் போயிடுவேன்னு கேக்க வேண்டாம்னுட்டா. அதான் வருஷா வருஷம் ஆடிக்கு உன் ரெண்டையும் நானே போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப என் கையும் நடுங்குது. இந்தத் தடவையாவது நீ போடேன்."

அம்மா, "குழந்தை..."ன்னு இழுக்கறாங்க.

"அதுக்கு முடிச்சு என்ன அண்ணி பண்ணும்? போடுங்க. நாயனக்காரருக்கு மூச்சு முட்டுது"ன்னாங்க அத்தை.

மாமா ஒண்ணு போட்டாரு. அம்மா போட ஆரம்பிச்சாங்க. விரலெல்லாம் ஆடுது. கயிறு மஞ்சள் ஈரத்துல வழுக்குது. நான் உதவி பண்ணலாம்னு கையை நீட்டினா, வெடுக்குனு தட்டிவிட்டு, "தள்ளுடி"ன்னாங்க. என்னை. நான் எடுத்துச் செஞ்ச கல்யாணத்துல, நான் எடுத்த பட்டோட நின்ன என்னைத் தள்ளச் சொன்னாங்க. இப்பவும் அந்த வீடியோவுல பாரு, அரக்குப் புடவைத் தலைப்பு மட்டும் ஒரு ஓரமாத் தெரியும். என் முகம் வராது.

எனக்கு அந்த ரெண்டு பேரு மேலயும்தான் கோவம். ஐம்பத்தாறு வருஷம்! என்ன அழுத்தம் பாரு. ஒரு வார்த்தை, "அண்ணி, முடிச்சு போட மறந்துட்டீங்க, போட்டு விடுங்க"ன்னு மறுநாளே கேட்டிருந்தா, அம்மா போட்டுட்டுப் போயிருப்பாங்க. மரம் மரமாத் தொட்டில் கட்டியிருக்க வேண்டாம். ஆயுசுக்கும் நூல் புடவை கட்டியிருக்க வேண்டாம். ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு இவங்க ரெண்டு பேரும் ரகசியமாப் பொத்திப் பொத்தி வச்சதுல எங்க அம்மா உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டிருந்திருக்காங்க. நல்லவங்களா இருக்கறதுக்கும் ஒரு அளவு இல்லையா? இதைச் சொன்னா இவரு என்ன சொல்றாரு தெரியுமா? "உங்க அம்மாவும் ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே மங்க"ங்கறாரு. மாமியாரைப் பத்திப் பேசறதுன்னா மட்டும் இவருக்கு அறிவு வந்துடும்.

அப்புறம் நாலு மாசத்துல அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே. முகம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு.

அடுத்த ஆடிப்பெருக்கு வந்துச்சு. மாமா படித்துறைக்கு வரல. அத்தையும் கயிறு மாத்தல. "அண்ணி போட்டது இருக்கட்டும்"னுட்டாங்க. அதுக்கடுத்த வருஷமும் மாத்தல. மஞ்சக் கயிறு கறுத்து, நைஞ்சு, பாக்கறதுக்கே என்னமோ மாதிரி இருக்கும். நான் புதுசு வாங்கிட்டுப் போய்ச் சண்டை போட்டேன், "அழுக்குப் புடிச்சிருக்கு அத்தை, சுத்தமா இருக்க வேண்டாமா?"ன்னு. சிரிச்சுக்கிட்டே காப்பி போட்டுக் குடுத்தாங்க. அதே சர்க்கரை இல்லாத காப்பி. எனக்கும் சேத்து.

மூணு வருஷம் கழிச்சு அத்தை போனாங்க. பொண்ணா பிள்ளையா, அவங்களைக் குளிப்பாட்டறதுக்கு நான்தான். மாமா கதவுக்கு வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. உள்ள நான் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன், வெளிய இருந்து குரல் வருது, "மங்க, ரெண்டும் இருக்கா பாரு." எனக்கு முதல்ல புரியல. அப்புறம் அத்தை கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பாத்தேன்.

என்னத்தைச் சொல்ல. எங்க அம்மா போட்டது முடிச்சே இல்லம்மா. நடுங்கற கை இல்ல? சும்மா ரெண்டு சுத்து சுத்தி வச்சிருக்காங்க, இழுத்தா வந்துடும். அதை அத்தை அவிழ்ந்து போயிடக் கூடாதுன்னு மஞ்சள் நூலால தச்சு வச்சிருக்காங்க. பொடிப் பொடியா, நெருக்கமாத் தையல். ஒரு தடவை தச்சதில்ல. நூல் நைய நைய மேல மேல தச்சிருக்காங்க. பின்கழுத்துல அவங்களாத் தச்சிருக்க முடியுமா? கழட்டிக் கையில வச்சுத்தான் தச்சிருக்கணும். இல்லன்னா மாமா தச்சிருக்கணும். கம்பி கட்டற லைன்மேன் இல்லையா, அவருக்குத் தைக்கறதும் தெரிஞ்சிருக்கும்.

எனக்கு அழுகை வந்துடுச்சு. அத்தை செத்ததுக்கு அதுவரைக்கும் நான் அழல, வேலை இருந்துச்சு. அந்தத் தையலைப் பாத்ததும் தண்ணிச் சொம்பைக் கீழ வச்சுட்டு உக்காந்து அழுதேன். அம்மாவுக்காக அழுதேனா, அத்தைக்காக அழுதேனா, சத்தியமா எனக்குத் தெரியாது.

"இருக்கா மங்க?"ன்னு மறுபடியும் கேக்கறாரு.

"இருக்கு மாமா. ரெண்டும் கெட்டியா இருக்கு"ன்னேன்.

"அவுத்துடாதே"ன்னாரு.

அவுக்கல. அப்படியேதான் அனுப்பினோம். அஞ்சு வாரம் கழிச்சு அவரும் பின்னாடியே போயிட்டாரு. அங்கயாவது தனியா விட்டாரா பாரு.

ஆக்கூர் தாண்டியாச்சா? ஐயோ, இப்ப வந்துடுமே. சரி, என் நியாயத்துக்கு வா. உஷா பண்ணது தப்பா இல்லையா? கூரியர்ல அனுப்பலாமா? ஓடிபி கேக்கலாமா? அவளுக்கும் என் தம்பிக்கும் முதல்ல நடந்த கல்யாணத்துல மூணு பேரு போட வேண்டிய பலத்துல நான் ரெண்டு முடிச்சையும் இறுக்கினேன், அதுக்கு இதுதான் மரியாதையா? நீ சிரிக்காத. நான் சீரியஸாக் கேக்கறேன்.

கையைச் சும்மா வச்சுட்டு எடுத்துடலாம், யாருக்கும் தெரியாதுன்னுதான் கிளம்பினேன். ஆனா உஷா கழுத்துக்குத் தெரியாமலா போயிடும்? தெரிஞ்சா அவ என்ன கோமளம் அத்தையா, வாயை மூடிக்கிட்டு இருக்க? மேடையிலயே மைக்கைப் புடிச்சுடுவா. அதுக்குக்கூட நான் பயப்படல. என் தம்பியை நினைச்சாத்தான். அவன் மாமா மாதிரி ஆடிக்கு ஆடி ஆத்துல இறங்கிப் பின்னாடி சுத்திப் போய் முடிச்சு போடுவானா? வேட்டி இடுப்புல நிக்கறதுக்கே பெல்ட் போடறவன். அவனுக்கு முடிச்சுன்னா என்னன்னே தெரியாது. எனக்கும் அறுபத்தஞ்சு ஆச்சு. எண்பத்திரண்டு வயசு வரைக்கும் மனசுல வச்சுக்கிட்டுச் சுவரோரம் நாற்காலியில உக்காந்திருக்க என்னால ஆகாது. முதுகு வலி வேற.

அதனால போட்டுத் தொலைக்கறேன். பெரிய மனசு எல்லாம் ஒண்ணும் இல்ல, தப்பா நினைச்சுக்காதே. ரெண்டு முடிச்சும் நல்லா இறுக்கிப் போட்டுட்டு, அப்புறம் பந்தியில உக்காந்து அந்தக் கூரியர் கதையை நாலு பேரு கேக்க எடுக்கறேன். வாய் விட்டுச் சண்டை போட்டுடணும்மா. உள்ள வச்சுக்கக் கூடாது. அவளும் சண்டை போடட்டும், அவளுக்கு வாய் இல்லையா என்ன?

வரேங்க, வரேன்! பஸ் நிக்கட்டும், நின்னப்புறம் எழுந்திருக்கறேன். கத்தாதீங்க, பாட்டிலை உள்ள வைங்க. இங்க குடுங்க, ஒரு வாய் குடிச்சுக்கறேன், பேசிப் பேசித் தொண்டை காய்ஞ்சுபோச்சு.

ஏம்மா, மண்டபத்துல புடவை மாத்தறதுக்கு ரூம் குடுப்பாங்க இல்ல? ஜாக்கெட் சரியாத்தான் இருக்கும். டெய்லருக்கு அளவு ஜாக்கெட் எடுத்துக் குடுத்தது இவருதான், தோள்பட்டை சரியா உக்கார்ற பழசுல நல்லதாப் பாத்து எடுத்துக் குடுத்திருக்காரு. இந்தா, இந்த ஓரத்தைக் கொஞ்சம் வெயில்ல புடிச்சுப் பாரு. அவ்வளவு ஒண்ணும் மோசமா இல்ல, என்ன? எனக்காகச் சொல்லாதே, நல்லாப் பாத்துச் சொல்லு.